கர்ணம் இருபத்து நாலு

பழைய தகர ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால் ஒரு வாடை வரும். துரு, பென்சில் சீவல், பழவாசனை ரப்பர், மூலையில் என்றைக்கோ ஒட்டிக்கொண்ட தேங்காய் மிட்டாயின் சிக்கு, எல்லாம் சேர்ந்த வாடை. இன்றைக்கும் அது எங்காவது மூக்கில் ஏறினால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறேன். காரணம் ஒரு மூடநம்பிக்கை. எங்கள் தெருப் புளியமரத்துப் பேயைக்கூட நம்பாத நான், பதினைந்து வயதில் இதை மட்டும் சத்தியமாக நம்பினேன்: ஒருவன் கணக்குக் கேட்டால் அதற்கு விடை என்று ஒன்று இருக்கும், அது கேட்டவனுக்குத் தெரிந்திருக்கும். கைடின் கடைசிப் பக்கங்களில் விடைகள் வரிசையாக அச்சடித்திருப்பதைப் போல, உலகத்தின் கடைசிப் பக்கத்திலும் யாரோ எல்லாவற்றுக்கும் விடை அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவனை ஒரு காம்பஸ் முனையால் குத்தியே கொன்றுவிடலாம். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில் இருந்தது. அப்பா ஊரின் மறுகோடியில் இருந்த பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறித் திரும்பி வருவதற்குள் அவரிடம் பேச்சு தீர்ந்துபோய், ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருக்கும்: ‘டிராயிங் தப்பு.’ பட்டறையில் ஒரு பீஸ் இன்னொரு பீஸோடு சேரவில்லையென்றால், பழி மெஷின் ஓட்டினவன் மேல் விழாமல் அளவுப்படம் வரைந்தவன் மேல் விழுவதற்காகச் சொல்லும் வார்த்தை அது. அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தாழ்ப்பாள் விழவில்லையா, டிராயிங் தப்பு. தோசை பிய்ந்துபோனதா, டிராயிங் தப்பு. ஒன்பதாம் வகுப்பில் நான் கணக்கில் கோட்டைவிட்டு வந்தபோது, மார்க் கார்டை ஒரு முறையும் என்னை இரண்டு முறையும் பார்த்துவிட்டு, அம்மாவிடம், “டிராயிங்கே தப்பு. என்னை எதுக்கு மொறைக்கிற?” என்றார்.

அம்மா அந்த டிராயிங்கைத் திருத்தக் கிளம்பினாள். அவள் வேலை செய்த கார்மென்ட்ஸில் சூப்பர்வைசரம்மாவின் தம்பி ஒரு கணக்கு வாத்தியார். காக்ஸ் டவுனில் ஒரு சர்ச்சை ஒட்டிய சின்ன ஹாலில் செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். இங்கிலீஷில் இருக்கும் கணக்கைத் தமிழில் உடைத்துச் சொல்வார் என்பதால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அம்மா பல நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைச் சூப்பர்வைசரம்மாவின் மேஜையருகே நின்றே கழித்து எனக்கு ஓர் இடம் வாங்கினாள். முதல் நாள் என் தலையை வாரிவிட்டபடி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கணக்குல போச்சுன்னா உங்கப்பாவோட பீன்யாதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

நான் அழுகிற ஆள் இல்லை, மனப்பாடம் செய்கிற ஆள். கைடு மொத்தத்தையும் கேள்வி, வழிமுறை, விடை எல்லாவற்றோடும் முழுங்கிவிட்டேன். ரயில் எப்போது கிளம்பும் என்று கேட்டு முடிப்பதற்குள் எப்போது சேரும் என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஹாலில் இப்படிப்பட்ட திறமைக்கு நல்ல சந்தை இருந்தது. சார் பின்கட்டில் காபி குடித்து முடித்து வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதற்குப் பெயர் ‘பெட்டு.’ ஒருவன் ஒரு கணக்கைச் சீட்டில் எழுதி அடுத்தவன் பெஞ்சுக்கு அனுப்புவான். அனுப்புவதற்கு முன்னால் தன் விடையை இன்னொரு சீட்டில் எழுதி, தன் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடி, ரப்பர் பேண்டைச் சுற்றி, ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்டெல்லா எங்களோடு படித்தவள்தான். யார் பக்கமும் சாயாதவள் என்று பெயர். உண்மையில் எல்லோரையும் சமமாக வெறுத்தாள், அவ்வளவுதான். சார் வருவதற்குள் விடை சொல்லாவிட்டால் சீட்டை வாங்கினவன் தோற்றான், சொல்லிவிட்டால் அனுப்பினவன் தோற்றான். தோற்றவனின் பாக்ஸை எல்லோரும் பார்க்கத் தரையில் கவிழ்த்துக் கொட்டுவார்கள். உருண்டோடும் ரப்பரையும் பென்சில் துண்டுகளையும் அவன் மண்டிபோட்டுப் பொறுக்குவதற்கும் சார் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருக்கும். இதை விளையாட்டு என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒருவரையொருவர் மண்டிபோட வைப்பதற்காகவே நாங்கள் கணக்குப் படித்தோம்.

இரண்டு மாதம் நான் யார் முன்னாலும் மண்டிபோடவில்லை. என்னிடம் தோற்று அதிக முறை மண்டிபோட்டவன் அருள். காக்ஸ் டவுன் பையன், அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சட்டையில் மடிப்புக் கலையாது, முதல் பெஞ்சு. ஒரு முறை அவன் பாக்ஸைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து அவன் அம்மா மடித்துவைத்த கைக்குட்டை விழுந்தது. நான் அதைப் பென்சில் நுனியில் தூக்கிக் காட்டி, “பாப்பாக்கு மூக்கு தொடைக்கவாம்” என்றேன். ஹாலே சிரித்தது. ஸ்டெல்லாகூடச் சிரித்தாள். அருள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தான். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது என் சைக்கிளின் இரண்டு டயரிலும் காற்று இல்லை. அடுத்த வகுப்பில் அவன் சட்டை முதுகில் இங்க் இருந்தது. அதற்கடுத்த வகுப்பில் என் தண்ணீர் பாட்டிலில் சாக்பீஸ் தூள். எங்கள் உறவு இப்படித் தவணை தவறாமல் வளர்ந்தது.

ஆனால் அருள் வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சீட்டைப் படித்து முடிப்பதற்குள் நான் விடை சொல்கிறேன் என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை அவன் சீட்டு வந்தது. ஒரு செங்கோண முக்கோணத்தின் சுற்றளவு அறுபது சென்டிமீட்டர், கர்ணம் இத்தனை, மற்ற இரண்டு பக்கங்களைக் கண்டுபிடி. கைடில் வலது பக்கம், மேலிருந்து மூன்றாவது கணக்கு. அச்சுப்பிழை உட்பட எனக்குத் தெரியும்.

“பதினஞ்சு, இருபது” என்றேன். “போய் உன் பாக்ஸ நீயே கவுத்துக்கோ.”

“நம்பர ஒழுங்கா பாரு குரு” என்றான் அருள்.

பார்த்தேன். கைடில் கர்ணம் இருபத்தைந்து. சீட்டில் இருபத்து நாலு.

“அதான் இவன் விஷயம்” என்று அவன் எழுந்து நின்று ஊருக்கே சொல்கிற மாதிரி சொன்னான். “ஒரு நம்பர மாத்துனா செத்தான். டேய் கைடு, உள்ள முழுங்குனத கக்குடா பாப்போம்!”

அன்றிலிருந்து என் பெயர் ‘கைடு.’ இந்த முறை ஹால் என்னைப் பார்த்துச் சிரித்தது. ரோஷத்தில் பேசுகிறவன் வாயை யாராவது பொத்தியிருக்கலாம், ஒருவரும் பொத்தவில்லை. “மூணு நாள் குடு. போடலைன்னா இந்த ஹாலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்” என்றேன்.

“எழுதிக் குடு.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எழுதினேன். போடாவிட்டால் நான் வரமாட்டேன், அருளின் விடை தப்பென்றால் அவன் வரக்கூடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஸ்டெல்லா, அருளின் பாக்ஸுக்கு ஒன்றுக்கு மூன்றாக ரப்பர் பேண்டு போட்டுப் பைக்குள் வைத்தாள். “ஏண்டா உனக்கு இப்பிடி வேர்க்குது? ஃபேன் ஓடுதே” என்று என்னிடம் கேட்டாள்.

வேர்க்காதா? அம்மா வாங்கித் தந்த இடத்தை நான் ஒரு கிழிந்த தாளில் எழுதி வைத்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பக்கம் பீன்யா வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அந்த மூன்று நாட்களில் எங்கள் வீட்டு நாட்காட்டி அடுத்த மாதம் வரைக்கும் கிழிந்தது, தாள்களின் பின்பக்கம் போதவில்லை. வழி எனக்குத் தெரியும். மொத்தம் அறுபதில் கர்ணம் இருபத்து நாலு போனால் மற்ற இரண்டு பக்கங்களும் சேர்ந்து முப்பத்தாறு. ஒன்றை எக்ஸ் என்று வைத்து, வர்க்கம் போட்டு, சூத்திரத்தில் இட்டு இறங்கிவந்தால், கடைசியில் ஒரு எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அந்த எண் நூற்று நாற்பத்து நான்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நின்றுகொண்டிருந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் நின்றது. வேறு பேனாவில் போட்டேன். குளித்துவிட்டு வந்து போட்டேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து போட்டேன். காக்ஸ் டவுன் கணக்காயிற்றே என்று ஒரு சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தும் போட்டேன். இரண்டு சாமிகளும் அந்தக் கோட்டை மட்டும் எடுக்கவில்லை.

கழித்தல் எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது, அப்படி வந்தால் ‘மெய்மூலங்கள் இல்லை’ என்று எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஒரு மார்க் கேள்வியாகக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். ஆனால் அது கைடில் வேறு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே உலகத்தில் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தவிர, விடைதான் பாக்ஸுக்குள் இருக்கிறதே! மூன்று ரப்பர் பேண்டு போட்டு இருக்கிறதே! இல்லாத விடையை யாராவது கட்டி வைப்பார்களா?

கணக்கு வராததால் வேறு வழிகளில் இறங்கினேன். மஞ்சள் காமாலை வந்தால் இரண்டு வாரம் தள்ளிப்போடலாம் என்று மஞ்சள்தூளைக் கண்ணோரத்தில் தடவிப் பார்த்தேன். கண் மஞ்சளாகாமல் சிவந்தது. “மெட்ராஸ் ஐ” என்று சொல்லி அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்தாள். தனியாக உட்கார்ந்து அழுது கண்ணைக் கழுவிவிட்டு மறுபடி போட்டேன். நூற்று நாற்பத்து நாலு, முன்னால் ஒரு கோடு.

ஞாயிறு மத்தியானம் அப்பா ஒரு தாளைக் காலால் நகர்த்தி, குனிந்து எடுத்துப் பார்த்தார். படத்தில் அறுபது, இருபத்து நாலு, செங்கோணம் எல்லாம் குறித்திருந்தது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, மடக்கி, என்னவோ அளந்தார்.

“இது சேராதுடா” என்றார். “டிராயிங் தப்பு. போட்டவனப் போய்க் கேளு.”

“ஐயோ அப்பா, இது பீஸு இல்ல. கணக்கு.”

“கணக்குன்னா மட்டும் சேந்துருமா?” என்று கேட்டுவிட்டு அந்தத் தாளிலேயே காதைக் குடைந்துகொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

தோசைக்கும் இதையே சொல்கிற மனிதர் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வராதவனெல்லாம் வந்திருந்தான். நான் கொடுத்த தாளில் வழிமுறை முழுவதும் இருந்தது, அந்தக் கழித்தல் நூற்று நாற்பத்து நாலும் இருந்தது. அதற்குக் கீழே ‘விடை வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். ஸ்டெல்லா ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாக்ஸைத் திறந்தாள். துரு, சீவல், பழவாசனை, மிட்டாய்ச் சிக்கு. சீட்டைப் பிரித்துப் படித்தாள்: “இருபத்து நாலு, பன்னெண்டு.”

“கூட்டிப் பாரு” என்றான் அருள்.

“இருபத்து நாலு, பன்னெண்டு, கர்ணம் ஒரு இருபத்து நாலு. அறுபது” என்றாள் ஸ்டெல்லா. “கரெக்ட்.”

பெஞ்சுகளைத் தட்டினார்கள். நான் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட அதே வழி, அதே நூற்று நாற்பத்து நாலு. கோடு மட்டும் இல்லை. எங்கேயோ நடுவில் அதை விட்டிருந்தான். அதனால் அழகாகப் பன்னிரண்டு என்று மூலம் வந்து, விடையும் வந்திருந்தது. அட முட்டாளே, இந்தக் கோட்டைத் தூக்கிப்போட உனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த முக்கோணத்தில் ஒரு பக்கமும், எல்லாவற்றிலும் நீளமாக இருக்க வேண்டிய கர்ணமும் ஒரே நீளமாக இருக்கிறதே என்று அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். என் பாக்ஸைக் கவிழ்த்தார்கள். நான் பொறுக்கவில்லை. அருள் என் ரப்பரை ஷூ நுனியால் வாசல் பக்கம் தள்ளி, “எடுத்துட்டுக் கெளம்பு. இங்க இடம் கிடைக்காம எத்தன பேரு நிக்கிறாங்க தெரியுமா?” என்றான்.

கிளம்பினேன். சார் காபி டம்ளரோடு எட்டிப் பார்ப்பதற்குள் சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது. நான் வேறு டியூஷனில் சேர்ந்துவிட்டதாக அருளே சாரிடம் சொல்லியிருக்கிறான். வந்த கோபத்தில் சார் தன் அக்கா சூப்பர்வைசரம்மாவிடம்கூட என் பேச்சை எடுக்கவில்லை. வீட்டில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. செவ்வாய், வியாழன், சனி ஐந்து மணிக்குப் புறப்பட்டு, அல்சூர் ஏரிக்கரையில் ஏழு மணிவரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வருவேன். பரீட்சை வரைக்கும் இதுதான் என் டியூஷன்.

“இன்னிக்கு என்னடா நடத்துனாரு?” என்பாள் அம்மா.

“முக்கோணம்.”

“அன்னிக்கும் அதானே சொன்ன?”

“இது பெரிய முக்கோணம்மா.”

அம்மா நம்பினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பரீட்சையில் கணக்குப் போயிற்று. அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. அப்பா ‘டிராயிங் தப்பு’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதையும் சொல்லவில்லை. “காலைல அஞ்சரைக்கு பஸ்ஸு” என்றார்.

பீன்யாவில் என்னை முதலில் கம்பி வெட்ட வைத்தார்கள். ஓராண்டு கழிந்திருக்கும், ஒரு மத்தியானம் கரண்ட் போய் எல்லா மெஷினும் நின்றிருந்தபோது, கையில் ஒரு துண்டுக் கம்பி இருந்தது. அளந்தேன், ஏறக்குறைய அறுபது சென்டிமீட்டர். எதற்கென்று தெரியாமலே சரியாக அறுபதுக்கு வெட்டினேன். இருபத்து நாலில் குறி போட்டு மடித்தேன். மிச்சம் முப்பத்தாறை இரண்டு பக்கமாக மடித்து, மூலையை, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்துக்குள் வைத்தேன். உட்காரவில்லை. நிமிர்த்தி வேறு இடத்தில் மடித்தேன். உட்காரவில்லை. எங்கே மடித்தாலும் அந்த மூலை செங்கோணத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. கடைசியாக அருளின் விடைப்படியே இருபத்து நாலு, பன்னிரண்டு, இருபத்து நாலு என்று மடித்தேன். சர்ச் கோபுரம் மாதிரி ஒல்லியாக, உயரமாக ஒன்று வந்தது. அதில் செங்கோணம் மருந்துக்கும் இல்லை.

பக்கத்தில் டிபன் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். ‘டிராயிங் தப்பு’ என்றாவது சொல்லியிருந்தால் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பிக் கோபுரத்தை சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். அருள் கேட்டுக்கு வெளியே வந்தான், மீசை அரும்பியிருந்தது, கல்லூரிப் பையன். நான் கம்பியைத் தூக்கிக் காட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

“தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“அடுத்த நாளே எங்கப்பாகிட்டக் காட்டினேன். இப்பிடி ஒரு முக்கோணமே கெடையாதுன்னாரு.”

“அப்புறம் ஏண்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ திரும்பி வந்திருப்ப. நான் போயிருக்கணும்.” கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே, “கர்ச்சீப்ப ஏண்டா தூக்கிக் காட்டுன?” என்றான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கம்பியை அவன் வீட்டுக் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய்ப் பார்த்தேன், அங்கே அது இல்லை.

போன மாதம் ஒரு வேலையாகக் காக்ஸ் டவுன் போயிருந்தேன். சர்ச் இருக்கிறது. ஹால் இருந்த இடத்தில் இரு சக்கர வண்டிகளை நிறுத்துகிறார்கள். சார் காபி குடித்த பின்கட்டு இல்லை, பெஞ்சு இல்லை, ரப்பர் பேண்டு போட்ட தகர டப்பாக்கள் இல்லை. நான் இப்போது பீன்யாவிலேயே ஒரு பட்டறையில் தரம் பார்க்கிறவன். பீஸ் சேரவில்லையென்றால் முதலில் டிராயிங்கைத்தான் வாங்கிப் பார்க்கிறேன். சின்னப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். அப்பா இல்லை.

அந்தக் கணக்குக்கு விடை கிடையாது. நான் மூன்று நாளும் சரியாகத்தான் போட்டேன். நாலாவது நாள் ‘விடை இல்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வரவில்லை’ என்று நானே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.